அம்மை போட்ட அம்பாசிடர்

அரியலூரில் எதை வேண்டுமானாலும் வெள்ளையாக வைத்துக்கொள்ளலாம், கறுப்பாக வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று தெருவைக் கடந்து போனால் எருமை பசுவாகிவிடும். பெண் பார்க்கப் போகிற பையன் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டால், பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், எழுபத்தெட்டாம் வருஷம், லாரி முதலாளி ராசாங்கம் போயும் போயும் ஒரு கறுப்பு அம்பாசிடர் வாங்கினார்.

அந்தக் காருக்கு டிரைவர் கண்ணையன். விக்கிரமங்கலத்துக்காரன். ஆள் எவ்வளவு ஒல்லி என்றால், தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கார் தானாகவே ஓடி வருவதுபோல இருக்கும். அதற்கு முன்னால் ஐந்து வருஷம் ராசாங்கத்தின் கல்லு லாரிதான் ஓட்டினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை. பெண்டாட்டி பாப்பாத்தி இருமலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடுவாள். மாமியார் கொளஞ்சியம்மாள் ஊர் முழுக்க அவனைச் 'சுண்ணாம்பு மாப்ள' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார் சாவி கைக்கு வந்த அன்றைக்கு அந்தப் பெயர் போய்விட்டது. வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, பேட்டையில் நாலு பேர் "வாங்க டிரைவரே" என்று சொல்கிற மரியாதை. மாமியாரே பந்தியில், "எங்க காரு மாப்ளைக்கு இன்னொரு அப்பளம் வைங்க" என்றாள். ஐந்து வருஷத்தில் ஒரு அப்பளத்தைக்கூட இரண்டாவது தடவை பார்க்காதவன் கண்ணையன். அந்த அப்பளத்தை அவன் கடிக்கவே இல்லையாம், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

சரி, காரை ஓட்டுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கழுவுவதும் கஷ்டமில்லை. கழுவின காரைத் துடைப்பதில்தான் வந்தது வினை.

முதலாளி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருகிற தண்ணீர். அதில் துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் வைத்தால், பருப்பு வேகுமுன் அடுப்பு வெந்துபோகும். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் உட்கார்ந்துவிடும். வெள்ளைக் காராக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இது கறுப்பு. கரிபிடித்த சட்டியில் சோறு சிந்தின மாதிரி தெரியும். சரி, காய்வதற்குள் துண்டால் அழுத்தித் துடைக்கலாம் என்றால், காற்றில் வருகிற கல்லுத்தூள் துண்டில் ஒட்டிக்கொண்டு காரைப் பிராண்டிவிடும். வெயிலில் நின்று பார்த்தால் பானெட் முழுக்க பூனை ஓடின மாதிரி கோடு கோடாக இருக்கும்.

முதலாளி ராசாங்கம் காலையில் காரில் ஏறுமுன், கன்னத்தைப் பானெட் மேல் வைக்காத குறையாகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். கல்லில் சுண்ணாம்பு எத்தனை பங்கு என்று பார்த்துப் பழகின கண்.

"ஏன்டா கண்ணையா, நீ காரு தொடைக்கிறியா, கோலம் போடுறியா? புள்ளியும் வச்சிருக்க, கோடும் இழுத்துருக்க. நடுவுல ஒரு பூசணிப்பூதான் பாக்கி."

கண்ணையனும் சும்மா இல்லை. மெட்ராஸில் கார்களை ஆட்டுத் தோலால் துடைக்கிறார்கள் என்று யாரோ ஒரு டிரைவர் சொன்னார். அது எப்படிப்பட்ட தோல், எப்படிப் பதப்படுத்தின தோல் என்பதை அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய் அன்றைக்கு உரித்த தோலிலேயே ஒரு துண்டு வாங்கி வந்து, முடியை வழித்துவிட்டுத் துடைத்தான். பளபளப்பு என்னவோ வந்தது. கூடவே பதினோரு நாய்களும் வந்தன. முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, கடைவீதி முழுக்க அந்தப் பதினோரு நாய்களும் ஏதோ மந்திரிக்குப் பாதுகாப்பு மாதிரி இரண்டு பக்கமும் ஓடி வந்தன. ஆபீஸ் வாசலில் இறங்க முடியாமல் ராசாங்கம் ஊரை நாலு சுற்றுச் சுற்றினார். ஐந்தாவது சுற்றில்தான் நாய்களுக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த தடவை, தீபாவளிக்கு வந்த புது வேட்டியை எடுத்தான். புதுசு, சுத்தமானது, தூசி இருக்காது என்பது அவன் கணக்கு. வேட்டியில் கஞ்சி இருந்ததும், முனையில் மாமியார் மங்கலமாக மஞ்சள் தடவிக் கொடுத்திருந்ததும் அவன் கணக்கில் வரவில்லை. ஈரத்தில் கஞ்சி கரைந்து பூசிக்கொண்டது, அதன் மேல் மஞ்சள் இழுபட்டது, அதன் மேல் ஆலத்தியூர் ரோட்டுத் தூசி படிந்தது. கறுப்பு அம்பாசிடர் வெளியே வந்தபோது, எண்ணெயில் போடுமுன் மாவில் முக்கி எடுத்த பஜ்ஜி மாதிரி இருந்தது.

ராசாங்கம் அன்றைக்குத் திட்டவே இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். தன் மகள் மலர்க்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை சிறுவாச்சூர், வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே காளி கோயில் வாசலில் இருந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் மண்டபத்துக்கு ஊர்வலம். சம்பந்தி வீட்டார் முன்னால் காரில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது, ஒரு கோடு இருக்கக் கூடாது. இருந்தால் சாவி அந்த இடத்திலேயே சாமிதுரைக்குப் போகும், கண்ணையன் மறுபடியும் கல்லு லாரிக்குப் போவான்.

சாமிதுரை இன்னொரு லாரி டிரைவர். விஷயம் காதில் விழுந்த அன்றைக்கே தையற்கடைக்குப் போய்ப் புதுக் காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தான்.

கண்ணையனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மாமியார் அப்பளத்தை இலையில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலையில் வழி பிறந்தது. பாப்பாத்தி முற்றத்தில் கைக்குழந்தை சாந்தாவைக் குளிப்பாட்டிவிட்டு, துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டினாள் என்றுகூடச் சொல்லக் கூடாது. தூளிக்குக் கட்டுகிற பழைய நூல் சேலையைக் குழந்தை மேல் விரித்துப்போட்டு, உள்ளங்கையால் லேசாக ஒற்றி எடுத்தாள். தேய்க்கவே இல்லை. சேலையைத் தூக்கினால் குழந்தை மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை, ஒரு சிவப்புக் கோடு இல்லை. ஒன்பது வருஷத்துச் சேலை, மூன்று பிள்ளைகள் படுத்து நனைத்து, துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி ஆகியிருந்தது.

கண்ணையன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"அந்தத் தூளியக் கொஞ்சம் குடு பாப்பாத்தி. வெள்ளிக்கெழம ஒரு நாளைக்கு."

"புள்ள எதுல தூங்கும்? ஒன் தலையிலயா? இது இல்லன்னா அவ ராவும் பகலும் கத்துவா."

அவன் கெஞ்சினான், அப்பளக் கதையைச் சொன்னான், கண் கலங்கவும் செய்தான். கடைசியில் அவள் இறங்கிவந்து ஒரே பேச்சாகச் சொன்னாள்: "தூளி வந்தா புள்ள வரும். புள்ள வந்தா நான் வருவேன். நான் வந்தா முன்சீட்டுலதான் வருவேன்."

தண்ணீருக்கு அவனிடம் வேறு ஏற்பாடு இருந்தது. கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புக் காளவாயே கட்டிவிடும் என்பதால், மழைத் தண்ணீரைப் பிடித்து நாலு டின்னில் மூடி வைத்திருந்தான். மழைத் தண்ணீர் காய்ந்தால் வட்டம் விழாது. நாலு டின்னையும் டிக்கியில் ஏற்றினான். முன்சீட்டில் பாப்பாத்தி, மடியில் சாந்தா, சாந்தாவின் மேல் தூளி. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்பாசிடர் பெரம்பலூரைத் தாண்டிச் சிறுவாச்சூர் போய்ச் சேர்ந்தபோது, வழித்தூசியில் விபூதி பூசின பண்டாரம் மாதிரி இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்தினான். உலோகத்தில் சூடு தணியும் மட்டும் காத்திருந்தான். மூன்று டின் மழைத் தண்ணீரில் மேலிருந்து கீழாகத் தூசியை ஓடவிட்டான். பிறகு தூளிச் சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கூரை மேல் விரித்து, ஒற்றி எடுத்தார்கள். பிழிந்தார்கள், உதறினார்கள், மறுபடி விரித்தார்கள். கூரை, பானெட், கதவு, கடைசியாக அடிப்பக்கம். சாந்தாவைக் குளிப்பாட்டித் துவட்டின அதே கை.

முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். கார் அங்கே இருப்பதே தெரியவில்லை. புளியமரம் தெரிந்தது, கோயில் கோபுரம் தெரிந்தது, நடுவில் ஒரு ஒல்லி ஆள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு காக்கை வந்து பானெட்டில் தன்னைப் பார்த்து, சொந்தக்காரன் என்று நினைத்து நலம் விசாரித்துவிட்டுப் போனது.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்து காரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வாசலில் நல்ல வெயில். முன்பக்கம் முழுக்க எலுமிச்சம்பழ மாலை கட்டிவிட்டார்கள். இனி என்ன ஆகப்போகிறது என்று கண்ணையன் டீக்கடைக்குப் போனான். பாப்பாத்தி சேலையை வெயிலில் காயப்போட்டு எடுத்துப் புளியங்கிளையில் தூளி கட்டினாள். சாந்தா தூங்கிப்போனாள்.

இந்த இடத்தில்தான் ஆண்டாயி வருகிறாள். மாப்பிள்ளைக்குப் பெரியத்தை. தன் வாசலுக்கு எது வந்தாலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது அவள் பழக்கம். மாடு வந்தால் மாட்டுக்கு, மருமகன் வந்தால் மருமகன் காலுக்கு. தபால்காரர் சைக்கிளுக்கே ஊற்றியிருக்கிறாள், கடிதங்களோடு சேர்த்து. அவ்வளவு தூரத்தில் இருந்து வந்த வண்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. ஐயோ பாவம், பச்சைப் பிள்ளை மாதிரி அனலடிக்கிறதே என்று, தெருக் கிணற்றில், அங்கேயும் அதே சுண்ணாம்புத் தண்ணீர்தான், ஒரு குடம் இறைத்து வேப்பிலையும் போட்டு, தலை வழியாக ஊற்றிவிட்டுப் போனாள்.

கண்ணையன் பாதி டீயோடு திரும்பி வந்தபோது கார் காய்ந்திருந்தது. கூரை முதல் பம்பர் வரைக்கும் வெள்ளை வெள்ளையாக வட்டம், மிளகு பருமனில், பட்டாணி பருமனில், முகத்தில் ஒன்று காதில் ஒன்று என்று இடம் பார்க்காமல். இடையிடையே வேப்பிலை வேறு ஒட்டியிருந்தது. டீ கிளாஸ் கையில் இருந்தது, டீ மட்டும் சட்டையில் இருந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அனலடிச்ச உடம்பு, முத்து முத்தாகக் கொப்புளம், வேப்பிலை. ஆண்டாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்து எறங்கிட்டாளேடி. வண்டிக்கு அம்ம போட்டுருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றினது அவள்தான் என்பதை அவளே மறந்துவிட்டாள், மற்றவர்கள் பார்க்கவே இல்லை. அம்மை போட்ட வீட்டில் என்னென்ன முறை உண்டோ அத்தனையும் காருக்கு வந்தது. யாரும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. வெளியூர் போகக் கூடாது. வேப்பமரத்து அடியில் ஏழு நாள் நிற்க வேண்டும், பிறகு மூன்று தலைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹார்ன் அடித்தால் ஆத்தாளுக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். இளநீரை எதன் வழியாக ஊற்றுவது, பெட்ரோல் டாங்க் வழியாகவா ரேடியேட்டர் வழியாகவா என்று இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள்.

முதலாளி நாலரை மணிக்கு வந்துவிடுவார். கார் இங்கே வந்துவிட்டதால் சொந்தபந்தத்தோடு தன் லாரியிலேயே வருகிறார். லாரியை ஓட்டி வருகிறவன் சாமிதுரை. மணி அப்போது நாலு.

கண்ணையனுக்கு முதலில் அழுகைதான் வந்தது. இது அம்மை இல்லை, சுண்ணாம்பு என்று சொன்னால் பெரியத்தையைப் பொய்க்காரி ஆக்கினது போலாகும், கல்யாணமே நின்றாலும் நிற்கும். சொல்லாவிட்டால் ஏழு நாள். யோசித்துப் பார்த்தான். தண்ணீர் ஊற்றித்தான் ஆத்தாளை இறக்க வேண்டும் என்றால், அவனுக்கு வேண்டியதும் அதுதானே? கையைக் கட்டிக்கொண்டு ஆண்டாயி முன்னால் போய் நின்றான்.

"பெரியம்மா, ஏழு நாளுங்கிறது மனுசனுக்குங்க. நடந்து போற ஒடம்பு. இது மணிக்கு அம்பது மைலு ஓடுற ஒடம்புங்க. நமக்கு ஏழு நாளுன்னா இதுக்கு ஏழு நிமிசம். அது அப்பவே ஆயிடுச்சிங்க."

ஆண்டாயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. தலைத்தண்ணீர் ஊற்ற உத்தரவு கொடுத்துவிட்டு, மஞ்சள் அரைக்க ஆள் அனுப்பினாள்.

மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணையனுக்குத் தீபாவளி வேட்டி கண் முன்னால் பறந்தது. ஆத்தாளுக்கு எலுமிச்சம்பழத்தை விட உசத்தி உண்டா என்று கேட்டு, அவள் பதில் சொல்லுமுன் காரின் மாலையில் இருந்து பழங்களைப் பிய்த்து நறுக்கிப் பிழிய ஆரம்பித்துவிட்டான். இட்லித் தவலையில் ஏறின சுண்ணாம்பு ஏட்டைப் பாப்பாத்தி எலுமிச்சம் மூடி போட்டுத்தான் எடுப்பாள். தவலைக்குக் கேட்கிறது காருக்குக் கேட்காதா?

காரை மறுபடி நிழலுக்குத் தள்ளச் சொன்னான். அம்மை கண்ட வண்டியைத் தொட ஆள் இல்லை. அவனே தள்ளினான். அந்த ஒல்லி உடம்பு ஒரு அம்பாசிடரைத் தள்ளியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அது சின்ன இறக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சம் சாறைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் வட்டத்துக்கு வட்டம் ஒற்றினான். முத்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டிக்கியில் மிச்சமிருந்த கடைசி டின் மழைத் தண்ணீரை மூன்று பங்காக்கி, மூன்று தலைத்தண்ணீர் ஊற்றினான்.

இனித் துடைக்க வேண்டும். தூளியில் சாந்தா தூங்குகிறாள்.

தூரத்தில் ரோட்டில் லாரி ஹார்ன் கேட்டது. சாமிதுரை அடிக்கிற ஹார்ன், மூன்று தடவை, கல்யாண மேளம் மாதிரி. கண்ணையன் பாப்பாத்தியிடம் ஓடினான்.

"எழுப்பாத, செத்துருவ" என்றாள் அவள்.

"பாப்பாத்தி, நாளைலேர்ந்து நான் சுண்ணாம்பு மாப்ள."

அவள் லாரி வருகிற திசையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள், ஐந்து வருஷ இருமல் ஞாபகம் வந்திருக்கும். குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். "போ. தேய்க்காத. ஒத்து."

சாந்தா வீறிட்டாள். மேளக்காரர்கள் முகூர்த்தம் வந்துவிட்டதாக நினைத்துக் கொட்ட ஆரம்பித்தார்கள். கொட்டும் அழுகையும் போட்டி போட, கண்ணையன் கூரை மேல் விரித்தான், ஒற்றினான், பிழிந்தான், உதறினான். தூளி ஏற்கெனவே கொஞ்சம் ஈரமாக இருந்தது. அது எந்த ஈரம் என்று அவன் ஆராயவில்லை.

லாரி வந்து நின்றபோது அவன் பின்பக்கத்துப் பம்பரில் இருந்தான். ராசாங்கம் தலை முதல் கால் வரைக்கும் வெள்ளையாக இறங்கினார். சொந்த லாரியில் அன்றைக்குத்தான் முதல் பயணம். சாமிதுரை புதுக் காக்கிச் சட்டையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், கையில் ஒரு புதுத் துண்டோடு குதித்தான். ராசாங்கம் நேராகப் பானெட்டில் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடினார். கதவுக்கு வந்தார். கூரையை எக்கிப் பார்த்தார். ஒரு முழுச் சுற்று வந்தார். புள்ளி இல்லை. கோடு இல்லை. தன்னுடைய மீசையில் இடது பக்கம் ஒரு முடி நீளமாக இருப்பதுதான் தெரிந்தது.

"மொதலாளி, இங்க பாருங்க" என்றான் சாமிதுரை. டிக்கி மூடியில் ஒரே ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி எடுக்கக் கையை ஓங்கினான்.

ஓங்கின கையில் ஆண்டாயியின் அடி விழுந்தது.

"எவன்டா அது, ஆத்தா எறங்குன வண்டியத் தொடுறது? தலத்தண்ணி ஊத்துன கைதான் இதத் தொடணும். இன்னைக்கி மட்டுமில்ல, என்னைக்கும் அந்தப் புள்ளதான். சம்மந்தி, ஒங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்."

ராசாங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரியத்தை சொல்கிறாள், கூட்டம் முழுக்க ஆமாம் என்று தலையாட்டுகிறது. அவரும் ஆட்டினார். தலையில் இருந்து சுண்ணாம்பு கொட்டியது. கண்ணையன் குனிந்து அந்த வேப்பிலையை இரண்டு விரலால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மேளக்காரர்கள் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆகவே ஊர்வலம் அப்படியே கிளம்பியது.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்தக் காரைக் கண்ணையனைத் தவிர யாரும் தொடவில்லை. சாமிதுரை கல்லு லாரியிலேயே காக்கிச் சட்டையை வெள்ளையாக்கினான். எப்போதாவது அவசரத்தில் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, புள்ளி விழுந்துவிட்டால், கண்ணையன் அதிகம் பேசமாட்டான். "ஆத்தா வந்துருக்காங்க" என்பான். ராசாங்கம் கோலம், பூசணிப்பூ எதுவும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

கொளஞ்சியம்மாள் பந்தியில் அப்பளத்தை மூன்றாக்கினாள்.

பாப்பாத்திக்கு முதலாளி வீட்டில் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் தூளி கட்டிப் பார்த்தார்கள், சாந்தா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பழைய சேலையை முறை வைத்துக்கொண்டார்கள், காலையில் காருக்கு, மத்தியானம் பிள்ளைக்கு. இன்றைக்கும் பெட்ரோல் வாசனை பட்டால் சாந்தாவுக்குக் கொட்டாவி வரும். அவள் கல்யாணமாகிப் போகிறபோது, பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கிற வீடு மட்டும் வேண்டாம் என்று கண்ணையன் மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லித்தான் அனுப்பினான்.